எவ்வளவு மிச்சம்? – கடல் தாண்டிய இங்கிலீஷ் வாத்தியார்களின் கணக்கு

1

மாலத்தீவில் இங்கிலீஷ் வாத்தியார் வேலைக்குப் போய் முதல் லீவுக்கு ஊருக்கு வந்தது 1997 டிசம்பரில். பள்ளிக்கரணை காலனியில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாருக்கும் ஒரே கேள்விதான். 'எவ்ளோ சம்பளம்?' டீக்கடையில் கேட்டார்கள், பஸ் ஸ்டாப்பில் கேட்டார்கள், துக்க வீட்டில்கூடக் கேட்டார்கள். ஊர்த் தெருக்காரர்கள் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்தி, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்கள். எங்க ஆயா மட்டும் வேற கேள்வி கேட்டுச்சு. 'எவ்ளோப்பா மிச்சம்?'

ஆயா கழுவெளியில் கோரை அறுத்தவள். ஒரு கட்டுக்கு என்ன கூலி, அதில் மேஸ்திரி பிடித்துக்கொள்வது எவ்வளவு, கால் புண்ணுக்கு மருந்து எவ்வளவு, கடன்காரனுக்கு எவ்வளவு என்று விரல் மடக்கியே கணக்குப் போடுவாள். கூலி என்று சொல்லும் தொகை வேறு, வீட்டுக்கு வந்து சேரும் தொகை வேறு என்பது அவளுக்கு எந்தப் பொருளாதாரப் புத்தகமும் சொல்லிக் கொடுத்ததல்ல.

தோட்டக் கூலிகளாக இலங்கைக்கும் மலேயாவுக்கும் நேட்டாலுக்கும் கப்பலேறிய நம் மக்களைப் பற்றி இன்று ஓரளவுக்கு எழுதப்பட்டிருக்கிறது. வாத்தியாராகப் போனவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. படித்தவன், பேனா பிடித்தவன், அவனுக்கு என்ன குறை என்கிற பொதுப்புத்தி. எழுதுகிறவர்களும் சம்பளத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் ஆயா கேட்ட கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வரலாற்றைப் பார்க்கிறேன். ஆதாரம், நாணய மதிப்புகளின் வரலாறு ஒன்று. இன்னொன்று, 1994லிருந்து நான் எழுதி வைத்திருக்கும் என் வரவு செலவு நோட்டு.

2

இங்கிலீஷ் நமக்குச் சோறு போடும் என்பது புதுச் செய்தி இல்லை. பள்ளிக்கரணை அன்றைக்குச் செங்கல்பட்டு ஜில்லா. அதே ஜில்லாவின் கோழியாளத்தில் 1859ல் பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1891ல் பறையர் மகாஜன சபை, 1893ல் 'பறையன்' பத்திரிகை என்று நடத்திய அவர் 1900ல் நாட்டை விட்டுப் புறப்பட்டார். கிழக்கு ஆப்பிரிக்கா போய், பிறகு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். திரும்பி வந்தது 1921ல். வாத்தியார் வேலை இல்லைதான். ஆனால் தமிழும் இங்கிலீஷும் தெரிந்த ஒரே காரணத்துக்காக, நம் ஜில்லாவின் ஒரு பறையர் கடல் தாண்டிப் போய் மாதச் சம்பளம் வாங்கிய கதை அது. அதே நேட்டாலின் கரும்புக் காட்டில் நம்மாட்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கிடந்தார்கள். ஒரே சனத்தில் இரண்டு கூலி. வித்தியாசம் படிப்பு.

அந்தப் படிப்பு எங்கே கிடைத்தது? மிஷன் பள்ளிகளில் கிடைத்தது. 1894ல் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கத்தில் தொடங்கிய பஞ்சமர் இலவசப் பள்ளிகளிலும் கிடைத்தது. அடையாறுக்கும் பள்ளிக்கரணைக்கும் நடந்து போகும் தூரம்தான். ஆனாலும் எங்கள் காலனியில் முதல் எஸ்.எஸ்.எல்.சி. பாஸானவர் வர சுதந்திரத்துக்குப் பிறகும் பல வருஷம் ஆயிற்று. கழுவெளிக்கு வேலையாள் வேண்டுமே.

அம்பேத்கரின் கணக்கையும் இங்கே பார்க்க வேண்டும். 1913ல் அவர் நியூயார்க் போனது பரோடா அரசு தந்த உதவித்தொகையில். மாதம் பதினொன்றரை பவுன். அதில் தானும் சாப்பிட்டு, வீட்டுக்கும் அனுப்பினார். படித்து முடித்து, 1917ல் பரோடாவுக்கு உத்தியோகத்துக்கு வந்தவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் சாதியை மறைத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து துரத்தினார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று அவர் தலைப்பு வைத்ததன் அர்த்தம் எனக்கு முழுசாகப் புரிந்தது, நானே விசாவுக்காகக் காத்திருந்தபோதுதான். வெளிநாட்டில் காசு குறைச்சல், தங்க இடம் உண்டு. சொந்த நாட்டில் சம்பளம் உண்டு, தங்க இடம் இல்லை.

1918ல் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் அவர் பேராசிரியரானார். சம்பளம் 450 ரூபாய். ஆசிரியர் அறைப் பானையில் அவர் தண்ணீர் குடிப்பதற்குச் சகப் பேராசிரியர்கள் சிலர் ஆட்சேபம் சொன்னார்கள். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, போதாததற்குக் கடன் வாங்கி, 1920ல் மறுபடி லண்டன் போனார். வாத்தியார் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கடல் தாண்டியவர்களில் நமக்கு முன்னோடி அவர்தான்.

3

சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய வாத்தியார்களை முதலில் பெரிய அளவில் கூப்பிட்ட நாடு எத்தியோப்பியா. இத்தாலிக்காரர்கள் 1941ல் விரட்டப்பட்ட பின், பேரரசர் ஹைலே செலாசி பள்ளிக்கூடங்களைத் திரும்பக் கட்டினார். உயர்நிலைப் பள்ளியில் இங்கிலீஷ் வழிப் பாடம். வெள்ளைக்கார வாத்தியாருக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகாது. இந்தியாவிலிருந்து, முக்கியமாகக் கேரளாவிலிருந்து, பட்டதாரிகள் போனார்கள்.

அவர்களின் மிச்சத்தை நிர்ணயித்தது அவர்கள் நடத்திய பாடம் இல்லை. 1966 ஜூன் 6ஆம் தேதிக்கு முன்பு ஒரு அமெரிக்க டாலருக்கு 4 ரூபாய் 76 பைசா. அன்றைக்கு ஒரே உத்தரவில் 7 ரூபாய் 50 பைசா ஆக்கினார்கள். எத்தியோப்பிய டாலர் இரண்டரைக்கு ஓர் அமெரிக்க டாலர். அதாவது ஓர் எத்தியோப்பிய டாலர் ஊருக்கு வந்தால் 1 ரூபாய் 90 பைசாவாக இருந்தது, ராத்திரியோடு ராத்திரியாக 3 ரூபாய் ஆனது. அங்கே சம்பளம் ஒரு காசு ஏறவில்லை, இங்கே மிச்சம் ஒன்றரை மடங்கு.

எங்கள் பக்கத்திலிருந்து எத்தியோப்பியா போன தலித் வாத்தியார் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஐம்பதுகளில் பட்டதாரியாக இருந்தால்தான் அறுபதுகளில் போக முடியும். முதல் பந்தியில் நமக்கு இலை போடவில்லை.

இரண்டாவது பந்தி நைஜீரியா. 1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறிப் பணம் கொழித்தது. 1976ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் தொடக்கக் கல்வி என்று திட்டம் போட்டார்கள். வாத்தியார்கள் போதவில்லை. கானாவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் ஆள் எடுத்தார்கள். இதில் எங்க சனத்து ஆள் ஒருத்தர் போனார், எனக்குப் பெரியப்பா முறை. 1979ல் போய் 1987ல் திரும்பினார். காலனியில் முதன்முதலாக டேப்ரிக்கார்டர் பார்த்தது அவர் வீட்டில்தான்.

அவர் சொன்ன கணக்கை நான் பிறகு நாணய மதிப்போடு ஒத்துப் பார்த்தேன். 1980ல் நைரா டாலரைவிட உசத்தி. ஒரு நைராவுக்கு 1.8 டாலர் கிடைத்தது. ரூபாயில் 14. மாசம் 300 நைரா சம்பளம், 4,200 ரூபாய். பாதியை வீட்டுக்கு அனுப்ப அனுமதி. 1986ல் உலக வங்கி, ஐ.எம்.எஃப். பாணிச் சீர்திருத்தம் வந்தது. நைராவைச் சந்தையில் மிதக்க விட்டார்கள். 1987ல் ஒரு டாலருக்கு 4 நைரா. ரூபாய்க் கணக்கில் ஒரு நைரா 3 ரூபாய்ச் சொச்சம். பெரியப்பாவுக்கு அப்போது சம்பளம் 500 நைரா. எட்டு வருஷ அனுபவத்துக்குப் பிறகு அவர் சம்பளம் ஏறியிருந்தது, ஊர்க் கணக்கில் 4,200லிருந்து 1,600 ஆகியிருந்தது. அதுவும் கைக்கு வந்தால். கடைசி ஆறு மாச சம்பளம் பாக்கியாகவே நின்றுபோச்சு. 'நான் அதே கிராமர்தாண்டா நடத்துனேன். ஏன் கொறஞ்சுதுன்னு எனக்கு யாரும் சொல்லல'ன்னு சாகிற வரைக்கும் சொல்லிக்கிட்டு இருந்தாரு.

4

இனி என் கணக்கு.

நான் தாம்பரம் கிறித்துவக் கல்லூரிப் பக்கம் சைக்கிளில் போகும்போதெல்லாம் அந்த மரங்களைப் பார்த்துவிட்டு வருவேன், உள்ளே படித்ததில்லை. வேறு கல்லூரியில் பி.ஏ. ஆங்கில இலக்கியம், பிறகு பி.எட். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைத்துவிட்டு, 1994ல் தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு தனியார் மெட்ரிகுலேஷன் பள்ளியில் சேர்ந்தேன். 1996ல் என் சம்பளம் கையெழுத்துப் போடும் ரிஜிஸ்டரில் 2,800. கையில் 1,400. அந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது விளக்கம் தேவைப்படாத விஷயம். (அந்த வருஷக் கணக்கிலேயே மத்திய அரசின் 5ஆவது ஊதியக் குழு, பயிற்சி பெற்ற பட்டதாரி ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் மட்டும் 5,500 என்று வைத்தது. அந்த வேலைக்குத்தான் பதிவு மூப்பில் காத்திருந்தேன்.)

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ரூம் எடுத்தால் 500 ரூபாய் வாடகை. மூன்று வீடு பார்த்தேன். முதல் வீட்டில் நேராகவே கேட்டார்கள், 'நீங்க என்ன ஆளுங்க?' இரண்டாவது வீட்டில் 'அசைவம் சாப்பிடுவீங்களா?' மூன்றாவது வீட்டில் எந்த ஊர் என்றார்கள். பள்ளிக்கரணை என்றேன். ஊரா, காலனியா என்றார்கள். பொய் சொல்ல வாய் வரவில்லை. அதோடு விட்டேன். தினமும் பள்ளிக்கரணையிலிருந்து பஸ், தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் டிரெயின், அப்புறம் ஒரு பஸ். போக வர நாலு மணி நேரம்.

நோட்டில் இப்படி இருக்கிறது. வரவு 1,400. வீட்டுக்கு 900. பஸ், டிரெயினுக்கு 220. டீ, சோப்பு, இதர செலவு 100. மிச்சம் 180.

இந்தக் கணக்கில் எழுதாத ஒரு பத்தி இருக்கிறது. என்னோடு வேலை பார்த்தவர்கள் பள்ளிக்குப் பக்கத்திலேயே குடியிருந்து சாயங்காலம் டியூஷன் எடுத்தார்கள், மாசம் 600 சுலபமாக வந்தது. எனக்கு வீடு கிடைத்திருந்தால் 500 வாடகை போயிருக்கும், 220 பஸ் காசு நின்றிருக்கும், 600 டியூஷன் வந்திருக்கும். மிச்சம் 500 ஆகியிருக்கும். ஆக, 320 ரூபாய் மாசா மாசம் சாதிக்குச் செலவு. எந்த விலைவாசிக் குறியீட்டெண்ணிலும் இந்த 320 வராது. அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. நம் பிறப்புக்காக நாம் கொடுக்கும் விலைக்கு அதில் இடம் இல்லை.

மாலத்தீவுக்கு ஏஜெண்ட் மூலமாகப் போனேன். ஏஜெண்டுக்கும் மற்றதுக்கும் 30,000 ரூபாய், நூற்றுக்கு மூன்று வட்டியில் வாங்கினது. 1997 ஜனவரியில் திருவனந்தபுரத்திலிருந்து விமானம். மாலேயில் இறங்கி, அங்கிருந்து படகில் ஒரு ராத்திரிப் பயணம். படகுக்கு அவர்கள் சொல்லும் பேர் தோணி. நம் சொல்லேதான். அதைக் கேட்டதும் கொஞ்சம் தைரியம் வந்தது.

அங்கே ஏன் இங்கிலீஷ் வாத்தியார் தேவைப்பட்டது? 1961ல் மாலேயின் அரசுப் பள்ளிகளை இங்கிலீஷ் வழிக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் லண்டன் ஓ லெவல் பரீட்சை எழுத வேண்டும். உள்நாட்டில் வாத்தியார் இல்லை. முதலில் இலங்கைக்காரர்கள் போனார்கள். பிறகு கேரளாவும் தமிழ்நாடும். ஆயிரத்து இருநூறு தீவு, அதில் மக்கள் வாழ்வது இருநூறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளிக்கூடம் என்றால் எவ்வளவு பேர் வேண்டும் பாருங்கள்.

சம்பளம் 4,200 ரூஃபியா. ஒரு டாலருக்கு அப்போது 11.77 ரூஃபியா. டாலர் சுமார் 36 ரூபாய். ஆக 357 டாலர், ஊர்க் காசில் 12,800 ரூபாய். மூன்று வாத்தியார்களுக்கு ஒரு வீடு, வாடகை இல்லை. மழைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்துக் குடிப்போம். மீன் கிட்டத்தட்ட சும்மா. கடலிலிருந்து வருகிற எதுவும் மலிவு, தோணியில் வருகிற எதுவும் கொள்ளை விலை. தக்காளி, வெங்காயம், பச்சை மிளகாய் எல்லாம் மாலேயிலிருந்து வர வேண்டும். அலை பெரிதாக இருந்தால் ஒரு வாரம் காய்கறியே கிடையாது. சாப்பாட்டுக்கு மாசம் 900 ரூஃபியா, ஊருக்குப் பேச போன் கார்டு 250, மாலே போய்வரப் படகு 150, மற்றது 200. மொத்தம் 1,500. மிச்சம் 2,700. மாலேயில் இருந்த ஸ்டேட் வங்கிக் கிளையில் டிராஃப்ட் எடுத்து அனுப்பினால் வீட்டுக்கு 8,250 ரூபாய் வரும்.

சம்பளத்தைச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஒன்பது மடங்கு. மிச்சத்தை மிச்சத்தோடு ஒப்பிட்டால், 180க்கு 8,250, நாற்பத்தைந்து மடங்கு. இதைத்தான் ஆயா கேட்டாள். முதல் வருஷம் முழு மிச்சமும் நிற்கவில்லை. வட்டி மட்டும் மாசம் 900. கடனை அடைக்க ஐந்து மாசம் ஆச்சு. ஏஜெண்டின் முப்பதாயிரத்தைக் கையிலிருந்து போட்டவனுக்கு அந்த ஐந்து மாசம் லாபம். நிலம் இருக்கிறவன் வட்டி இல்லாமல் விமானம் ஏறுகிறான்.

தீவு மக்கள் யாரும் என்னிடம் சாதி கேட்டதில்லை. அவர்களுக்குச் சட்டை போட்ட இந்தியன் எல்லாரும் ஒரே ஜாதி, 'இந்திய சார்'. பெரிய தெருவில், எல்லார் வீட்டு வாசல் வழியாகவும், செருப்போடு, பாட்டுப் பாடிக்கொண்டு நடந்து போவேன். எங்க நைனா பள்ளிக்கரணை ஊர்த் தெருவில் அப்படி நடந்ததே இல்லை. இதற்கு எவ்வளவு ரூஃபியா என்று எழுத முடியவில்லை.

கேள்வி வந்தது வீட்டுக்குள்ளிருந்து. கூட இருந்த வாத்தியார் ஒருவர் தமிழ்நாட்டுக்காரர். இரண்டாவது வாரம், சமையல் செய்துகொண்டே, 'பள்ளிக்கரணைல எந்தத் தெரு சார்?' என்றார். நான் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறு வாரம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தனியாகச் சமைக்க ஆரம்பித்தார். வீட்டில் இருந்த அடுப்பு அவர் பக்கம் போய்விட்டது. 1997 மார்ச் மாத நோட்டில் இருக்கிறது: 'தனி அடுப்பு – 350 ரூஃபியா.' சிடன்ஹாம் கல்லூரிப் பானைக்கு எண்பது வருஷம் கழித்து, இந்தியப் பெருங்கடலின் நடுவில். சாதி பாஸ்போர்ட் எடுக்காமலே கடல் தாண்டும்.

5

மிச்சத்தை நாணய மதிப்பு தீர்மானிக்கிறது என்றேன். சாதி தீர்மானிக்கிறது என்றேன். உலகச் சந்தையில் இன்னொன்றும் இருக்கிறது. இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவன் எந்த நாட்டில் பிறந்தான் என்பது.

மாலத்தீவு இங்கிலீஷ் வழிக்கு மாறிய அதே 1961ல், உகாண்டாவின் மெகரேரேயில் காமன்வெல்த் நாடுகளின் இங்கிலீஷ் கற்பித்தல் மாநாடு நடந்தது. இங்கிலீஷுக்கு உகந்த ஆசிரியர் அதைப் பிறவி மொழியாகப் பேசுகிறவரே என்கிற கருத்து அங்கே வேரூன்றியது. அதை ராபர்ட் பிலிப்சன் 1992ல் வெளிவந்த 'மொழி ஏகாதிபத்தியம்' பற்றிய தன் நூலில் பிய்த்துப் போட்டார். ஒரு மொழியில் பிறந்துவிட்டால் அதைச் சொல்லிக் கொடுக்கும் திறமை வந்துவிடாது, திறமை பயிற்சியால் வருவது என்பது அவர் வாதம். புத்தகம் பேசிக்கொண்டிருக்க, சந்தை தன் வழியில் போயிற்று.

தென்கொரியாவை எடுத்துக்கொள்வோம். அங்கே அரசுப் பள்ளிகளுக்கு வெளிநாட்டு இங்கிலீஷ் ஆசிரியர்களை எடுக்கும் திட்டம் 1995ல் தொடங்கியது. அந்த வேலைக்கான விசா அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா என்ற ஏழு நாட்டுக் குடிமக்களுக்கே என்று வைத்தார்கள். வீடு இலவசம், போக வர விமானச் செலவுக்குப் பணம், ஒப்பந்தம் முடிந்தால் கூடுதலாக ஒரு மாதச் சம்பளம். ஏதாவது ஒரு பட்டம் போதும், இங்கிலீஷ் இலக்கியமோ பி.எட்.டோ கட்டாயமில்லை. இந்தியாவோடு போட்ட பொருளாதார ஒப்பந்தம் 2010 ஜனவரியில் அமலுக்கு வந்தபோது, அதில் இந்தியர்களுக்கும் ஒரு சிறு கதவு திறந்தது. ஆனால் நம்மிடம் பட்டத்தோடு ஆசிரியர் பயிற்சித் தகுதியும் கேட்டார்கள். வேலையின் பேர், உதவி ஆசிரியர்.

அவனுக்குப் பிறப்பே தகுதி, நமக்குத் தகுதி இருந்தாலும் பிறப்பு போதாது. இந்த வாசகத்தை வேறு எங்கேயோ கேட்டது போல இல்லை?

வளைகுடாவிலும் இதே கதைதான். ஒரே நகரத்தில், இந்தியப் பாடத்திட்டப் பள்ளியில் இங்கிலீஷ் நடத்துகிறவருக்கு ஒரு சம்பளம், நாலு தெரு தள்ளிப் பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் அதே இங்கிலீஷை நடத்துகிற வெள்ளைக்காரருக்குப் பல மடங்கு. அரிசி விலையும் வீட்டு வாடகையும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். அதனால் அவருக்கு வீடு பள்ளிச் செலவில், இவருக்கு நாலு பேர் சேர்ந்து ஒரு ஃபிளாட்.

என் தங்கச்சி மகள் எம்.ஏ. இங்கிலீஷ். வியட்நாமில் ஒரு மொழி மையத்துக்கு விண்ணப்பம் போட்டாள். போனில் அரை மணி நேரம் பேசினார்கள், நல்லாப் பேசுறீங்க என்றார்கள். அப்புறம் போட்டோ அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினாள். அடுத்த மெயிலில் மணிக்கு இவ்வளவு என்று சொன்ன தொகை பாதியாகியிருந்தது. 'மாமா, என் கிராமர்ல எங்க தப்பு?'ன்னு கேட்டா. நைஜீரியா பெரியப்பா கேட்ட அதே கேள்வி.

தோழர்கள் சிலர் இதைக் கேட்டவுடன் 'இது சர்வதேச சாதி' என்று தலைப்பு வைத்துவிடுவார்கள். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். வித்தியாசம் இருக்கிறது. கனடாவில் பத்து வருஷம் இருந்தால் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ளலாம். காலனியில் நூறு வருஷம் இருந்தாலும் முகவரியை மாற்ற முடியாது. அதோடு, 'நேட்டிவ்' என்கிற சொல்லைக் கண்டித்து ஆவேசமாகக் கட்டுரை எழுதும் நம் நாட்டு இங்கிலீஷ் பேராசிரியர்கள் பலர், தங்கள் வீட்டு மாடியை யாருக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். வெளியே பிறப்பின் பேரால் சம்பளம் குறைந்தால் அநியாயம் என்று புரிகிறவர்களுக்கு, உள்ளே பிறப்பின் பேரால் செலவு கூடுவது புரிவதில்லை. நமக்கு மட்டும் இரண்டும் சேர்ந்தே வருகிறது. வரவில் ஒரு வெட்டு, செலவில் ஒரு ஏற்றம். நடுவில் நிற்பதுதான் நம் மிச்சம்.

6

2003ல் ஒரேயடியாகத் திரும்பி வந்தேன். 2001லேயே ரூஃபியாவை டாலருக்கு 12.80 என்று இறக்கியிருந்தார்கள். எனக்குப் பிறகு போன பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய அடி. 2011 ஏப்ரலில் கட்டுப்பாட்டைத் தளர்த்தியவுடன் 15.42க்குப் போனது. மாசம் 10,000 ரூஃபியா வாங்கியவருக்கு 781 டாலராக இருந்தது 648 டாலர் ஆனது.

என் மிச்சத்தை மண்ணில் போட நினைத்தேன். ஆயா செத்துப் போவதற்கு முன்னால் கழுவெளி ஓரத்தில் ஓர் இடத்தைக் காட்டி, 'இது ஒங்க தாத்தனுக்கு சர்க்கார் குடுத்தது'ன்னு சொல்லியிருந்தா. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் இந்த ஜில்லாப் பறையர்களின் நிலைமையைப் பற்றி 1891ல் அறிக்கை எழுதினார். அதன் தொடர்ச்சியாக 1892ல் வந்த அரசாணைதான் பஞ்சமி நிலத்துக்கு மூலம். பிறருக்கு விற்கக்கூடாது என்பது நிபந்தனை. தாத்தா நிலம் அப்படிப்பட்டதுதானா என்று நிரூபிக்க என்னிடம் காகிதம் இல்லை. நான் போய்ப் பார்த்தபோது அங்கே கல் நட்டு, 'நகர்' என்று பலகை வைத்து, கிரவுண்டு கணக்கில் விற்றுக்கொண்டிருந்தார்கள். நான் மாலத்தீவுக்குப் போகும்போது கேட்ட விலை இப்போது மூன்று மடங்கு. ஐ.டி. கம்பெனிகள் வரப்போகும் பேச்சு. ரோட்டோர மனையைக் கேட்டேன். என் பேரையும் நைனா பேரையும் கேட்டுக்கொண்ட புரோக்கர் இரண்டு நாள் கழித்து, 'அந்த மனை புக் ஆயிடுச்சு சார், உள்ள தள்ளி ஒண்ணு இருக்கு'ன்னாரு.

உள்ளே தள்ளி, பள்ளத்தில், அரை கிரவுண்டு வாங்கினேன். ஆறு வருஷ மிச்சத்தில் பாதி அதில் போயிற்று. வீடும் கட்டினேன். பள்ளிக்கரணை 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. சதுப்பு நிலத்தில் ஒரு பக்கம் குப்பைமேடு, ஒரு பக்கம் அடுக்குமாடி. தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் என் வீட்டுக்குள் இடுப்பளவுத் தண்ணீர். என் வரவு செலவு நோட்டுகளைத் தலையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ரோட்டோர மனையில் அன்றைக்குக் கணுக்கால் அளவுதான். அந்த உயர வித்தியாசத்தையும் நோட்டில் சாதிச் செலவு என்ற தலைப்பில் எழுதினேன். 2022ல் மிச்சமிருந்த சதுப்பு நிலத்தை ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். பறவைகளுக்காவது ஒரு பட்டா கிடைத்தது, சந்தோஷம்.

இதெல்லாம் படித்துவிட்டு, போகாதே என்று நான் சொல்வதாகப் பிள்ளைகள் நினைக்கக் கூடாது. போங்கள். என் தங்கச்சி மகள் படித்தது அந்தத் தீவுக் காசில்தான். ஆனால் ஏஜெண்ட் சம்பளத்தைச் சொன்னதும் தலையாட்டாதீர்கள். எந்த நாணயத்தில் கொடுப்பான், எவ்வளவை அனுப்ப விடுவான், வீடு யார் செலவு, லீவு டிக்கெட் யார் செலவு, அதே பள்ளியில் வேறு பாஸ்போர்ட்காரனுக்கு என்ன கொடுக்கிறான் என்று கேளுங்கள். முன்பணத்துக்கு வாங்கும் கடனின் வட்டியை மாதச் செலவில் எழுதுங்கள். யாரோடு வீட்டைப் பகிர வேண்டியிருக்கும் என்றும் கேளுங்கள். எழுத்தில் வாங்குங்கள்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு நோட்டுப் போடுங்கள். அதில் அரிசிக்கும் போன் கார்டுக்கும் போடுகிற மாதிரி, பிறப்புக்காக நீங்கள் கொடுக்கிற காசுக்கும் ஒரு பத்தி போடுங்கள். கூலிகளாகப் போன நம் பாட்டன் பாட்டிகளுக்கு எழுத வாய்க்கவில்லை. அவர்கள் கணக்கை மேஸ்திரியும் கங்காணியும் எழுதினார்கள். நமக்கு எழுதத் தெரியும். நம் கணக்கை நாமே எழுதி வைத்தால்தான், நாளைக்கு எவனாவது 'ஒங்களுக்கென்னப்பா, ஃபாரின் சம்பளம்' என்று சொல்லும்போது, நோட்டை எடுத்து அவன் முன்னால் விரித்து வைக்க முடியும்.